சீர்காழிப் பக்கம் பிள்ளைகள் படிக்கக் கற்ற கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

பணியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன ஒரு தமிழாசிரியர் போன வாரம் போனில் பேசினார். "ஐயா, எந்தப் பயிற்சிக்குப் போனாலும் செயல்பாடு, செயல்பாடு என்கிறார்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார வை, குழுவில் பேச வை, நடிக்க வை, பிள்ளைகளையே கேள்வி தயாரிக்கச் சொல் என்கிறார்கள். இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே? அந்தக் காலத்தில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள், எல்லோரும் படித்தார்களே?" என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, செயல்பாடு வெளியிலிருந்து வந்தது. இரண்டு, பழைய முறையில் எல்லோரும் படித்தார்கள். இரண்டும் சரியில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சீர்காழியைச் சுற்றி ஒரு நாளில் போய்வரக்கூடிய ஊர்களிலேயே அந்த வரலாறு கிடக்கிறது.

நம் திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். பிள்ளை முதலில் எழுதியது தாளிலும் இல்லை, பலகையிலும் இல்லை. மணலில் விரலால் எழுதினான். எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவான். கண், வாய், காது, விரல் நாலும் சேர்ந்து வேலை செய்தன. கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பிறகு நிகண்டு, சதகம் என்று போகும். கணக்குக்கு எண்சுவடி. ஆசிரியர் ஒருவர்தான், பிள்ளைகளோ பல வயது, பல படி. அதனால் மூத்த பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளை ஆனான். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இந்த ஏற்பாடு கடல் தாண்டிப் போன கதை நம் ஆசிரியர்கள் பலருக்கே தெரியாது. 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதையே செய்யச் சொன்னார். பெரிய ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எனவே எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797-ல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. பெல் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்தது அது.

ஆக, பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இறக்குமதி அல்ல, ஏற்றுமதி.

இதைவிடப் பழைய சான்று நன்னூலில் இருக்கிறது. இலக்கண நூல் என்று நாம் ஒதுக்கிவைத்த அந்த நூலின் பாயிரத்தில், பாடம் கேட்பது எப்படி என்று பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசும்போது இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு? தானே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்தைய கணக்கு இது. இன்றைய பயிற்சி அரங்கில் வண்ண வண்ணப் படமாகக் காட்டுவதும் ஏறக்குறைய இதைத்தான்.

இதுவரை பெருமை. இனி அந்தத் திண்ணையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது.

1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா ஆட்சியர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் தொகுத்து எழுதிய குறிப்பில் பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 68 பேருக்கு ஒரு பிள்ளை. வீட்டில் படித்தவர்களையும் சேர்த்துப் பள்ளி வயது ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வரும் என்பது மன்றோவின் மதிப்பீடு. அந்தக் கால இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் மோசமில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தரம்பால் 1983-ல் அந்தக் கணக்குகளைப் புத்தகமாக வெளியிட்ட பிறகு இந்த வாதம் வலுத்தது. திண்ணைப் பள்ளி ஒரே ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதும் அந்தப் பட்டியலில் தெரிகிறது. ஆனால் பெண் குழந்தைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். நம் காவிரிக் கரையில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரம். 'எல்லோரும் படித்தார்கள்' என்று நாம் சொல்லும்போது, அந்த 'எல்லோரும்' யார் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு குறையை பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823-ல் எழுதினார். பிள்ளைகள் செய்யுளை அழகாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் அந்த மொழி பேச்சு மொழியிலிருந்து தள்ளி நிற்பதால் பொருள் தெரியாமலே ஒப்பிக்கிறார்கள் என்றார். கசப்பான உண்மை. நன்னூல் சொன்ன அரைப் பங்கு பெரிய வித்துவான்கள் வட்டத்தில் நடந்தது. திண்ணையில் நடந்தது பெரும்பாலும் ஒப்புவித்தல்.

அந்த வட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க நாம் மாயூரம் வரை போனால் போதும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-ல் பதினாறு வயதில் போய்ச் சேர்ந்தவர் உ.வே.சாமிநாதையர். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் தெரியும். மணி அடிப்பதில்லை, பாடவேளை இல்லை. ஒருவர் ஏட்டைப் படிப்பார், ஆசிரியர் பொருள் சொல்வார். அவர் புதிதாகப் பாட்டுக் கட்டிச் சொல்லச் சொல்ல மாணவர் ஓலையில் எழுதுவார். ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று கண்ணெதிரே பார்த்த மாணவனுக்கு யாப்பு தனிப் பாடமாகத் தேவைப்படவில்லை. மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி உடன் படித்த சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். சைவக் காப்பியமும் புராணமும் நடந்த வகுப்பில் அவரும் ஒருவர். இலக்கிய வகுப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.

சீர்காழிக்கே வருவோம். இந்த ஊரில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711 - 1779) ராமாயணத்தை ராமநாடகக் கீர்த்தனையாகப் பாடினார். பக்கத்துச் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த அவருடைய மாணவர்கள் வெங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும் அதற்கு இசை அமைத்தார்கள். கம்பனை ஏட்டில் படிக்க முடியாத சனங்கள் காதால் கேட்டுப் படித்தார்கள். இலக்கியத்தை நடித்தும் பாடியும் கற்பிப்பது நம் ஊர்ச் சரக்கு என்று அந்த இளம் ஆசிரியரிடம் சொன்னேன்.

கடற்கரையோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9-ல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்க அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதினார். 1708-லேயே தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. அங்கே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் நோக்கம் மதம் பரப்புவது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அச்சு வந்தது எழுத்தறிவின் போக்கையே மாற்றியது.

எப்படி மாற்றியது? ஓலையில் புள்ளி வைப்பதில்லை, சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. குறில் எகரமா நெடில் ஏகாரமா என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். ஏடு படிப்பது என்பதே ஒரு துப்பறியும் வேலை. அச்சில் எல்லாம் பிரித்து, புள்ளி வைத்து, தயாராக வந்தது. ஒருவரே தனியாக, வாய் திறக்காமல் படிக்க முடிந்தது. கிடைத்தது சுதந்திரம். போனது, கூட்டாக உட்கார்ந்து ஒரு வரியை அவிழ்க்கும் பழக்கம்.

தனியாகப் படிக்க உரைநடை வேண்டுமே! அதற்கும் நம் பக்கத்து மனிதர்தான் முன்வந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று முன்சீப் வேலை பார்த்த வேதநாயகம் பிள்ளை, தமிழில் உரைநடை நூல்கள் இல்லையே என்ற குறையைத் தீர்க்கத்தான் எழுதினேன் என்று சொல்லி 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டார். பரீட்சைக்காக இல்லாமல் ஆசைக்காகப் படிக்கும் வழக்கத்துக்குத் தமிழில் கதவு திறந்த புத்தகங்களில் அது முதன்மையானது.

இனி இந்தக் கதையின் நாயகன். உலகம் முழுக்க நூலகப் படிப்பு படிக்கும் மாணவர்கள் தங்களுக்குத் தெரியாமலே நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எஸ்.ஆர்.ரங்கநாதன் என்பதில் வரும் எஸ், ஷியாளி. வெள்ளைக்காரர் வாயில் சீர்காழி அப்படி ஆனது. 1892-ல் இங்கே பிறந்து, சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் முடித்து, சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்கு வாத்தியாராக இருந்தார். அதாவது நம்மில் ஒருவர்.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அந்தத் தனிமை பொறுக்காமல் சில நாட்களிலேயே திரும்பவும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள் என்றார்கள். போனார். அங்கே பொது நூலகங்களில் குழந்தைகளுக்கு ஒரு பகுதி, தொழிலாளிக்கு ஒரு பகுதி என்று பார்த்தார். திரும்பி வந்தவர் மறுபடி வகுப்பறைக்குப் போகவில்லை. சென்னை மாகாணம் முழுவதையும் வகுப்பறையாக்கப் பார்த்தார்.

1931-ல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. என் வார்த்தையில் சொல்கிறேன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல. படிக்க வரும் எவருக்கும் அவருக்கு ஏற்ற ஒரு புத்தகம் உண்டு. அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் காத்திருக்கிறார். வருகிறவரைக் காக்க வைக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். இவ்வளவுதான். ஆனால் இதைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால், முதலாயிரம் வருடமாக நம் கல்வியில் இல்லாத ஒன்று இதில் இருப்பது தெரியும். பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று அதுவரை ஆசான் முடிவு செய்தார், அல்லது பாடத்திட்டம் முடிவு செய்தது. படிப்பவரே தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னவர் ரங்கநாதன்.

அதே 1931, அக்டோபர் 21. மன்னார்குடிக்குப் பக்கம் மேலவாசலில் கனகசபை பிள்ளை என்ற பெரியவர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். பின்னால் இருந்த யோசனை ரங்கநாதனுடையது. நெல் ஏற்றிப் போகும் வண்டி புத்தகம் ஏற்றிப் போனது. திண்ணை ஏற முடியாதவன் வீட்டு வாசலுக்குப் புத்தகம் வந்தது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான். இன்று நாம் சொத்துவரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பின்னால் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ரிஷிவேலியில் உருவான அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகள் எழுதும் உயரத்தில் கரும்பலகை, ஆசிரியரும் பாயில். 'சக மாணவர் துணையோடு' என்று ஒரு குழுவே அதில் உண்டு. சட்டாம்பிள்ளை பிரம்பு இல்லாமல் திரும்பி வந்தார் என்று நான் சொல்வேன். நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி, மன வரைபடம் எல்லாம் வந்தன. நல்ல ஆசிரியர் கையில் அவை பூத்தன. பார்வையாளர் வரும் நாளுக்கு மட்டும் அட்டையை எடுத்து விரித்த இடங்களில் வாடின. 2022-ல் எண்ணும் எழுத்தும், அதன் பின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற புத்தகங்கள். சின்னச் சின்னக் கதைகள், பிள்ளை தானே எடுத்துப் படிக்கலாம். ரங்கநாதன் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டு, முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் செய்து பார்த்தவற்றில் ஐந்தை மட்டும் இளம் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். காசு செலவில்லாதவை.

1. ஓலை விளையாட்டு. கரும்பலகையில் புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் ஒரு வரி எழுதுங்கள். உதாரணம்: தமபிசநதைககுபபோயவநதான. நாலு நாலு பேராகச் சேர்ந்து அவிழ்க்கட்டும். தம்பி சந்தைக்குப் போய் வந்தான் என்று முதலில் கண்டுபிடிக்கிற குழு போடும் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். பத்து நாள் இப்படிப் பழகினால் செய்யுளைச் சீர் பிரித்துப் படிக்கும் பயம் போய்விடும். புணர்ச்சி இலக்கணம் அதற்குப் பிறகு நடத்துங்கள், தானாக ஏறும்.

2. அரைப் பங்கு வகுப்பு. பாட்டை நான் ஒரு முறைதான் விளக்குவேன். பிறகு இரண்டு இரண்டு பேர். ஒருவன் சொல்ல வேண்டும், மற்றவன் புரியவில்லை என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து மாற வேண்டும். கேட்கிறவனுக்குத்தான் மதிப்பெண். நன்னூல் பெயரைச் சொல்லியே செய்வேன். இலக்கண நூல் மேல் பிள்ளைகளுக்கு இருந்த கோபமும் கொஞ்சம் குறையும்.

3. பன்னிரண்டு பெயர். பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். எல்லாம் சீர்காழியின் பழம்பெயர்கள். தேவாரத்தில் இவை வருகின்றன. வகுப்பைப் பன்னிரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பெயர். வீட்டில், கோயிலில், கடைத்தெருவில் விசாரித்து அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதையை எழுதி வர வேண்டும். எல்லா மதத்துப் பிள்ளைகளும் செய்தார்கள். ஊர்ப் பெயர் எல்லோருக்கும் சொந்தம்தானே. உங்கள் ஊருக்குப் பன்னிரண்டு பெயர் இல்லாவிட்டால் தெருப் பெயர், குளத்துப் பெயர், வாய்க்கால் பெயர் போதும்.

4. வீட்டுச் சொல் அகராதி. கடலோரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க மாட்டான். கடைசிப் பெஞ்சு. அவனிடம் ஒரு நாள் காற்றுக்கு எத்தனை பெயர் என்று கேட்டேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசையோடு சொன்னான். அவன் சொல்ல வகுப்பே எழுதியது. மறுநாள் அந்த நாலு சொல்லைத்தான் அவனைப் படிக்கச் சொன்னேன். படித்தான். பத்துப்பாட்டில் 'நெடுநல்வாடை' என்று ஒரு நூல் இருக்கிறது, அதில் வரும் வாடைதான் உன் அப்பா சொல்லும் வாடை என்றபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருடம் முடிவதற்குள் பாடப் புத்தகம் படித்தான். வயல்காட்டுப் பிள்ளையிடம் நாற்றங்கால், குறுவை, தாளடி கேளுங்கள். பிள்ளை தன் வீட்டுச் சொல்லை எழுத்தில் பார்க்கும்போதுதான் எழுத்து தனக்கும் உரியது என்று நம்புகிறது.

5. புத்தகத்துக்கு ஆள் தேடுதல். இது ரங்கநாதனிடம் வாங்கியது. பள்ளி நூலகத்தில் யாருமே எடுக்காத ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளை எடுத்துப் படித்து, வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடம் வகுப்பில் பேச வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று பதிவேட்டைப் பார்ப்போம். அதிகம் பேரை இழுத்தவருக்குக் கைதட்டல். சில பிள்ளைகள் வியாபாரி மாதிரி பேசுவார்கள்!

இனி என் ஆதங்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். பல பள்ளிகளின் கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று எழுதியிருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அது கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் போய்விடும். திரும்பி வராத கடன். அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டால் இருவர் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். வினா விடைக் கையேட்டைக் கரைத்துக் குடித்து தமிழில் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளையிடம், பாடத்தில் இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லு என்றால் விழிக்கிறது. 1823-ல் கேம்பல் எழுதிய குறை இருநூறு வருடம் கழித்தும் நம்மோடு இருக்கிறது. அன்று பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பித்தோம், இன்று பொருள் தெரியாமல் விடையை ஒப்பிக்கிறோம்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. நெஞ்சில் நாலு பாட்டு இருப்பது வயதான காலத்தில் பெரிய துணை, அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் மனப்பாடம் அந்தக் கால் பங்கு. உடன் பேசும் கால் பங்கும், எடுத்துச் சொல்லும் அரைப் பங்கும், தானே தேர்ந்தெடுத்துப் படிக்கும் உரிமையும் சேராமல் வாசிப்பு முழுசாகாது. இவற்றில் எதுவும் நமக்கு அந்நியம் இல்லை. மணலும், திண்ணையும், ராமநாடகமும், மாட்டுவண்டியும் நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தவை.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி பிள்ளையிடம் 'என்ன மார்க்' என்று கேட்பதற்குப் பதில், 'இன்று படித்த கதையை எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். நடுவில் புரியவில்லை என்று இரண்டு கேள்வி போடுங்கள். நன்னூல் சொன்ன அரைப் பங்கு உங்கள் கூடத்திலேயே நடந்துவிடும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியில் நூலகப் பாடவேளை உண்மையிலேயே நடக்கிறதா, என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நல்லதாக வருவதைத் தொகுத்து அடுத்த பதிவில் போடுகிறேன். பழைய மாணவர்களே, நீங்கள் யாருக்கு எந்தப் புத்தகத்தை விற்றீர்கள் என்று ஞாபகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.